சிறியவர்களுக்கு ஒரு பட்டம், பெரியவர்களுக்கு ஒரு பகிடி

2006, 2007ஆம் ஆண்டுகளில் கொழும்பில் இரவு வேலை செய்த பத்திரிகையாளர்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. கடைசிப் பக்கம் அச்சுக்குப் போன பின்னரும் வீட்டுக்குப் போவதில்லை. நள்ளிரவுக்குப் பின் வீதித் தடைகளில் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நிற்பதிலும் பார்க்க, ஆசிரிய பீடத்து மேசையில் தலையை வைத்துப் படுத்துவிடுவது பாதுகாப்பானது. அப்படியான இரவுகளில் எங்களுக்குத் துணையாக இருந்தது ஒரு பழைய தொலைக்காட்சிப் பெட்டி. எங்கள் ஒப்புநோக்காளர்களில் ஒருவனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது இருக்கும். மெல்லிய உடல்வாகு. டென் ஸ்போர்ட்ஸ் அலைவரிசையில் அமெரிக்க மல்யுத்தம் வந்துவிட்டால் அவனுக்கு எழுத்துப் பிழைகள் கண்ணில் படாது.

"அண்ணை, இந்தப் பெரிய ஆக்களைப் பாக்காதேங்கோ. முதல் வாற சின்ன ஆக்களைப் பாருங்கோ" என்று அவன்தான் எனக்குச் சொல்லித் தந்தான். அவன் சொன்ன அந்தச் 'சின்ன ஆக்களின்' பட்டத்தைப் பற்றித்தான் இன்று எழுதப் போகிறேன். குரூசர்வெயிட் சம்பியன் பட்டம் என்பது அதன் பெயர். 2008 மார்ச்சில் அது சத்தமின்றிக் கைவிடப்பட்டது. அது எப்படி வாழ்ந்தது என்பதிலும் பார்க்க, எப்படிச் சாகடிக்கப்பட்டது என்பதே என்னை நெடுங்காலமாக உறுத்திக்கொண்டிருக்கிறது.

முதலில் ஒரு ஆட்சேபத்தைத் தீர்த்துவிடுவோம். "அது எல்லாம் முன்கூட்டியே எழுதி வைத்து ஆடும் நாடகம்தானே, அதில் எவன் வென்றால் என்ன, எவன் தோற்றால் என்ன?" என்று என் வயதொத்த நண்பர்கள் கேட்பார்கள். உண்மைதான், நாடகம்தான். ஆனால் எங்கள் ஊர்க் கூத்தும் நாடகம்தான். அங்கே அரசன் சூடும் முடி அட்டையும் மினுக்கத் தாளும்தான். ஆனாலும் அந்த முடியை இந்த வருடம் யாருக்கு அண்ணாவியார் கொடுக்கப் போகிறார் என்பதில் ஊரே இரண்டுபடும். முடி பொய்யாக இருக்கலாம். அதை யாருக்குக் கொடுப்பது, யாரைக் கோமாளியாக்குவது என்ற தீர்மானம் பொய்யல்ல. ஆடுகிறவனின் முழங்கால் வலியும் பொய்யல்ல.

மல்யுத்தக் காட்சி என்ற வணிகத்தில், அமெரிக்காவில், அரசவேடம் எப்போதும் பெரிய உடலுக்கே போயிற்று. இது அமெரிக்கர்களின் தனிக் குணம் என்று சொல்லமாட்டேன். என் தந்தையார் கிங்கொங்கின் கதையைச் சொல்லும்போதெல்லாம் அவர் எப்படிச் சண்டை பிடித்தார் என்று சொன்னதேயில்லை; அவர் எவ்வளவு சாப்பிட்டார் என்றுதான் சொல்வார். பெருத்த உடலைக் கண்டு வாய்பிளப்பது மனித இயல்பு. ஆனால் ஜப்பானிலும் மெக்சிக்கோவிலும் இன்னொரு மரபு வளர்ந்திருந்தது. மெக்சிக்கோவில் 1933இல் சல்வடோர் லுத்தெரோத் தொடக்கிய அமைப்பிலிருந்து வளர்ந்த லூச்சா லிப்ரே என்ற மல்யுத்தத்தில் முகமூடியும் பாய்ச்சலும் முதன்மை பெற்றன. எடை குறைந்தவர்களுக்கும் அங்கே மக்கள் நாயகர்களாகும் வழி இருந்தது. ஜப்பானில் 1981 ஏப்ரலில் சட்டோரு சயாமா என்ற இளைஞர் புலிமுகமூடி அணிந்து 'டைகர் மாஸ்க்' என்ற பெயரில் இங்கிலாந்தின் டைனமைட் கிட் உடன் மோதிய பின்னர், இளநிலைப் பிரிவு என்பது பெரியவர்களின் ஆட்டத்துக்கு முன்னுரை என்ற நிலை மாறிவிட்டது.

அட்லாண்டாவைத் தளமாகக் கொண்ட டபிள்யூ.சி.டபிள்யூ. நிறுவனம் 1991 ஒக்டோபரில்தான் இதை எட்டிப் பார்த்தது. லைட் ஹெவிவெயிட் பட்டம் என்று ஒன்றை உருவாக்கி பிறையன் பில்மனுக்குக் கொடுத்தது. பில்மன் குழந்தைப் பருவத்தில் தொண்டையில் கட்டிகள் வளர்ந்து பல அறுவைச் சிகிச்சைகளுக்கு உள்ளானவர். உயரம் போதாது என்று சொல்லப்பட்டும் அமெரிக்கக் கால்பந்தில் சின்சினாட்டி பெங்கல்ஸ் அணி வரை போனவர். அவரும் ஜப்பானின் ஜூஷின் லைகரும் 1992 பெப்ரவரி 29ஆம் திகதி மில்வோக்கியில் ஆடிய ஆட்டத்தை இன்று பார்த்தாலும் பழசாகத் தோன்றாது. அது அன்றைய நிகழ்ச்சியின் முதலாவது ஆட்டம். ஆனால் அதே ஆண்டில் நிர்வாகத்துக்கு வந்த பில் வாட்ஸ், மேல்கயிற்றிலிருந்து பாய்வதைத் தடைசெய்தார். மேல்கயிற்றிலிருந்து பாயக்கூடாது என்று இலகு எடையாளனுக்குச் சொல்வது, காலைத் தூக்கக்கூடாது என்று பரதம் ஆடுபவளுக்குச் சொல்வது போல. அந்தச் செப்டெம்பரில், பட்டத்தை வைத்திருந்த பிறாட் ஆம்ஸ்ட்ரோங்கின் முழங்கால் காயமடைந்ததும் பட்டத்தையே கைவிட்டுவிட்டார்கள். ஒருவன் நொண்டினால் அவனுக்குப் பதிலாள் தேடலாம்; கதிரையையே விறகாக்கியவர்களை என்ன சொல்வது!

மூன்று ஆண்டுகளின் பின் தேவை வந்தது. 1995 செப்டெம்பர் 4ஆம் திகதி எரிக் பிஷொவ் என்ற நிர்வாகி 'நைற்றோ' என்ற திங்கட்கிழமை நிகழ்ச்சியை மினசோட்டாவின் ஒரு பேரங்காடிக்குள் தொடக்கினார். அதன் முதலாவது ஆட்டமே பில்மனும் லைகரும்தான். பார்வையாளரை முதல் நிமிடத்திலேயே இருக்கையில் இருத்தி வைக்க வேண்டுமானால் யாரை அனுப்ப வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. 1996 மார்ச் 20ஆம் திகதி ஜப்பானின் நகோயாவில் நடந்த இறுதிச் சுற்றில் ஷின்ஜிரோ ஒட்டானி, கிறிஸ் பென்வாவைத் தோற்கடித்து முதலாவது குரூசர்வெயிட் சம்பியனானார். எடை எல்லை 220 இறாத்தல், அதாவது ஏறத்தாழ 100 கிலோ. நூறு கிலோ மனிதனைச் 'சின்ன ஆள்' என்று சொல்லும் தொழில் இது என்பதை வாசகர்கள் மனதில் கொள்ளவும். உண்மையில் பலர் அந்த எல்லையிலிருந்து வெகுதூரம் கீழே இருந்தார்கள்.

அடுத்த இரண்டு, மூன்று ஆண்டுகள் இப்பட்டத்தின் பொற்காலம். டீன் மலெங்கோவின் இறுகிய பிடிகள், மெக்சிக்கோவிலிருந்து வந்தவர்களின் வானவித்தைகள், ஜப்பானியரின் வேகம் எல்லாம் ஒரே மேடையில் கலந்தன. 1996 டிசம்பர் 29ஆம் திகதி உல்ட்டிமோ டிராகன் என்ற ஜப்பானியர் மலெங்கோவை வென்றபோது அவரிடம் ஏற்கெனவே ஒன்பது பட்டங்கள் இருந்தன. அவற்றுள் எட்டு, ஜே-கிறவுண் என்ற பெயரில் ஒன்றாக இணைக்கப்பட்டவை. பத்துப் பெல்ட்டுகளையும் உடலில் மாட்டிக்கொண்டு அவர் நிற்கும் படம், மீன் சந்தையில் வலை விற்கிறவரைப் போல இருக்கும். பார்க்க எனக்குச் சிரிப்பு வரும். கூடவே ஒரு மரியாதையும் வரும்.

அந்த ஆண்டுகளில் ஒரு ஆட்டத்தை மட்டும் பாருங்கள் என்று யாராவது கேட்டால், 1997 ஒக்டோபர் 26ஆம் திகதி லாஸ் வேகாஸில் எடி கெரேரோவும் ரே மிஸ்டேரியோவும் ஆடியதைச் சொல்வேன். எடியின் பட்டமும் மிஸ்டேரியோவின் முகமூடியும் பந்தயம். மெக்சிக்க மரபில் முகமூடியை இழப்பது பெயரை இழப்பதற்குச் சமம். மிஸ்டேரியோ முகமூடியோடு ஒட்டித் தைத்த ஊதா நிற உடையில் வந்தார். எடி அந்த முகமூடியைக் கிழிக்கக் கிழிக்கச் சனம் கொதித்தது. ஏறத்தாழப் பதினான்கு நிமிடம். மிஸ்டேரியோ வென்றார். இவ்வளவும் இரவின் தொடக்கப் பகுதியில் முடிந்துவிட்டது. அன்றிரவின் தலைமை ஆட்டம், நாற்பது வயதைத் தாண்டிய ஹல்க் ஹோகனும் ரொடி பைப்பரும் ஓர் இரும்புக் கூண்டுக்குள் ஒருவரையொருவர் மெதுவாகத் துரத்தியது. சுவரொட்டியில் யாருடைய முகம் பெரிதாக இருந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று, அழகுக்காக. 1998இல் கிறிஸ் ஜெரிக்கோ பட்டத்தை வைத்துக்கொண்டு, ஆயிரம் பிடிகள் தெரிந்தவர் எனப்பட்ட மலெங்கோவை மாதக் கணக்கில் கேலி செய்தார். தனக்கு ஆயிரத்து நான்கு பிடிகள் தெரியும் என்று ஒரு நீண்ட தாளை விரித்து மேடையில் நின்று வாசித்தார். மார்ச்சில் தோற்ற மலெங்கோ வீடு சென்றுவிட்டார். மே 17ஆம் திகதி பலர் ஒன்றாக மோதும் ஆட்டம் ஒன்று. வெல்பவர் உடனேயே ஜெரிக்கோவைச் சந்திக்கலாம். கடைசியில் நின்ற இருவர் ஹுவென்டுட் கெரேராவும் சிக்லோப்பே என்ற முகமூடிக்காரரும். ஹுவென்டுட் அந்த முகமூடிக்காரரின் கையைக் குலுக்கிவிட்டுத் தானாகவே கயிற்றைத் தாண்டி வெளியே குதித்தார். சிக்லோப்பே முகமூடியைக் கழற்றினார். மலெங்கோ! அந்த நொடியில் எழுந்த ஆரவாரம் எந்த ஏழடி மனிதனுக்குக் கிடைத்ததிலும் குறைந்ததல்ல. சின்னவர்களுக்குக் கதை சொல்லத் தெரியாது, பாயத்தான் தெரியும் என்பவர்களுக்கு நான் காட்டுவது இதைத்தான். ஒருவன் தோற்கிறான், போகிறான், வேறு முகத்தோடு திரும்பி வருகிறான். கூத்துக் களரியிலும் எடுபடக்கூடிய கதை.

இவ்வளவு இருந்தும் அந்த நிறுவனம் அவர்களை எப்படி நடத்தியது? 1996 ஜூலை இறுதியில், மிஸ்டேரியோ சம்பியனாக இருந்தபோதே, கிட்டத்தட்ட ஏழடி உயரமுள்ள கெவின் நாஷ் அவரைத் தூக்கி ஒரு வாகனத்தின் பக்கவாட்டில் ஈட்டி போலத் தலைகுப்புற எறிந்தார். அக்காட்சி பெரும் புகழ் பெற்றது. அதன் பொருளையும் எல்லோரும் விளங்கிக்கொண்டார்கள். 1999 பெப்ரவரி 21ஆம் திகதி ஓக்லண்டில் மிஸ்டேரியோவின் முகமூடியைக் கழற்ற வைத்தார்கள், அவர் விரும்பாமலே. ஓர் இனத்தின் மரபில் முகமூடி என்றால் என்ன என்று அந்த அறையில் முடிவெடுத்தவர்களில் ஒருவருக்காவது தெரிந்திருக்காது என்று என்னால் நம்ப முடியவில்லை. தெரிந்தும் செய்தார்கள் என்பதே என் எண்ணம்.

அதன் பின் பட்டம் பகிடிப் பொருளாயிற்று. 1999 டிசம்பரில் மெடூசா என்ற வீராங்கனை அதை வென்றார். அவர் ஜப்பானிலும் பயிற்சி பெற்ற தேர்ந்த மல்யுத்தக்காரி. ஒரு பெண்ணுக்கு அதைக் கௌரவமாகக் கொடுத்திருக்கலாம். ஆனால் ஆண் சம்பியன் ஒரு பெண்ணிடம் தோற்றான் என்ற இளிப்புக்காகவே கொடுத்தார்கள். 2000 ஜனவரி 16ஆம் திகதி அதை அவரிடமிருந்து பறித்தவர் ஒரு மல்யுத்தக்காரர்கூட அல்ல. கதை எழுதும் எட் ஃபெராரா. எதிர் நிறுவனத்தின் வர்ணனையாளர் ஜிம் ரொஸ், முகவாதத்தால் பாதிக்கப்பட்டவர். அவரது முகத்தையும் பேச்சையும் பரிகசிக்கும் வேடத்தில் ஃபெராரா வந்தார். எடை எல்லையைத் தாண்டியவர் என்பதால் பட்டம் பின்னர் வெறிதாக்கப்பட்டது. அதே இரவில் உலகப் பட்டத்தை வென்ற பென்வா மறுநாளே வெளியேறினார். எடி, மலெங்கோ, பெரி சற்றேன் ஆகியோரும் கூடவே போனார்கள். இரண்டு வாரத்தில் நால்வரும் போட்டி நிறுவனத்தின் மேடையில் நின்றார்கள். ஜெரிக்கோ அதற்கு முந்திய ஓகஸ்டிலேயே போய்விட்டார். 2001 மார்ச்சில் டபிள்யூ.சி.டபிள்யூ. போட்டியாளருக்கே விற்கப்பட்டது. அதன் வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வீட்டின் அத்திவாரக் கல்லைப் பிடுங்கி வாசலில் விற்றவர்கள் கூரை விழுந்ததற்கு மழையைக் குறை சொல்லக்கூடாது.

இங்கே ஒரு சொந்தக் கதை. நான் வேலை செய்த ஒரு பத்திரிகையில் ஞாயிறு தோறும் கலை இலக்கியப் பக்கம் ஒன்று வந்தது. வாசகர் கடிதங்களில் பாதி அந்தப் பக்கத்துக்கே வரும். ஆனால் முழுப்பக்க விளம்பரம் ஒன்று சனிக்கிழமை மாலை வந்துவிட்டால் முதலில் கழற்றப்படுவது அதுதான். "அது போகட்டும், அடுத்த கிழமை பார்ப்போம்" என்பார்கள். பக்கப் பொறுப்பாளராக இருந்த நான் அந்த வசனத்தை எத்தனை முறை கேட்டேன் என்று எண்ணவில்லை. குரூசர்வெயிட் பட்டத்தின் கதையை வாசித்தபோது அந்த வசனம் எனக்கு ஆங்கிலத்தில் கேட்டது.

புதிய உரிமையாளரான டபிள்யூ.டபிள்யூ.ஈ. பட்டத்தை வைத்துக்கொண்டது. ஸ்மக்டவுண் நிகழ்ச்சியில் சில நல்ல இரவுகள் இருந்தன. 2003 ஜூனில் மிஸ்டேரியோ அனஹைமில் மட் ஹார்டியை வென்றபோது அதைத் தலைமை ஆட்டமாகவே வைத்தார்கள். அவர் இரு நிறுவனங்களிலும் சேர்த்து எட்டு முறை இப்பட்டத்தை வென்றவர். வேறெவரும் அவ்வளவு முறை வெல்லவில்லை. ஆனால் 2004 மே மாதத்தில் சாவோ கெரேரோவின் தந்தைக்கு, ஐம்பத்தைந்து வயதில், பட்டம் கொடுக்கப்பட்டது. கிரகரி ஹெல்ம்ஸ் 2006 ஜனவரி தொடக்கம் ஓர் ஆண்டுக்கு மேல், 385 நாட்கள், அதை வைத்திருந்தார். நீண்ட ஆட்சி என்று சொல்வதா, மறக்கப்பட்ட ஆட்சி என்று சொல்வதா தெரியவில்லை.

இதே காலத்தில் அந்தச் சின்னவர்கள் தனித்தனியாகப் பெரிய சிம்மாசனத்தை எட்டினார்கள் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2004 பெப்ரவரியில் எடி, புரொக் லெஸ்னரை வென்று தலைமைப் பட்டம் பெற்றார். 2006 ஏப்ரலில் மிஸ்டேரியோ உலகப் பட்டம் பெற்றார். ஆனால் இடையில் கொடுத்த விலையைப் பாருங்கள். பில்மன் 1997இல் முப்பத்தைந்து வயதில் ஒரு விடுதி அறையில் இறந்து கிடந்தார், இதய நோய். எடி 2005 நவம்பரில் முப்பத்தெட்டு வயதில், அதேபோல ஒரு விடுதி அறையில், அதேபோல இதயத்தால். பென்வாவின் பெயரைச் சொல்லாமல் இந்த வரலாற்றை எழுத முடியாது; புகழ்ந்தும் எழுத முடியாது. 2007 ஜூனில் தன் மனைவியையும் ஏழு வயது மகனையும் கொன்றுவிட்டுத் தன்னையும் மாய்த்துக்கொண்டார். அவரது மூளையை ஆராய்ந்த மருத்துவர்கள், திரும்பத் திரும்ப அடிபட்டதால் ஏற்பட்ட கடுமையான சேதத்தைக் கண்டார்கள். அச்சேதம் அந்தக் கொலைகளுக்குச் சமாதானம் ஆகாது. ஆனால் பெரியவர்களுக்கு நிகராக நிற்க வேண்டுமென்றால் உடலை மருந்தால் பெருப்பிக்க வேண்டும், அல்லது எவரும் விழாத உயரத்திலிருந்து விழ வேண்டும் என்ற நிர்ப்பந்தம் இந்தத் தொழிலில் இருந்தது என்பதை மறுக்க முடியுமா? இரண்டையும் செய்தவர்கள் இருந்தார்கள்.

அந்தப் பயங்கரத்தின் பின் ஒரு மாதம்கூட ஆகவில்லை. 2007 ஜூலை 22ஆம் திகதி சான் ஹோசேயில் சாவோ கெரேரோ பட்டத்தைப் பணயம் வைத்துப் பலரோடு மோதினார். ஜேமி நோபிள், ஃபுனாக்கி, ஷனன் மூர், ஜிம்மி வாங் யாங் எல்லோரும் உழைத்துக் களைத்த பின், ஹோர்ன்ஸ்வொகிள் என்ற வேடக்காரர் நோபிளின் மேல் பாய்ந்து மூன்று எண்ணும் வரை படுத்தார். பட்டம் அவருக்கு. டிலன் போஸ்ட்ல் என்ற அந்த இளைஞர் வளர்ச்சி குன்றிய உடலோடு பிறந்தவர். நாலரை அடிக்கும் உட்பட்ட உயரம். மேடைக்கு அடியில் ஒளிந்திருக்கும் அயர்லாந்துக் குட்டிப் பூதமாக அவரை வைத்திருந்தார்கள்.

என் கோபம் அவர் மீது அல்ல. அவரும் பயிற்சி பெற்ற மல்யுத்தக்காரர்தான்; அடி விழும்போது அவருக்கும் வலித்தது. அவருக்கு ஓர் ஆட்டம் கொடுத்து, வெல்லும் திறமையைக் காட்டவிட்டு, வென்றான் என்று அறிவித்திருந்தால் நானும் கைதட்டியிருப்பேன். அவர்கள் செய்தது அதுவல்ல. "சின்னவர்களின் பட்டமா? இதோ, எல்லோரிலும் சின்னவன்!" என்ற பகிடிக்காக ஒரு மனிதனின் உடலைப் பயன்படுத்தினார்கள். ஒரே கல்லில் இரண்டு கூட்டத்தாரை அவமதித்தார்கள். பதினொரு ஆண்டுகள் முதுகெலும்பைக் கொடுத்தவர்களின் உழைப்புக்கு உயரம் ஒன்றே அளவுகோல் என்று அந்தப் பகிடி சொன்னது.

அன்றைய நிகழ்ச்சியை நாங்கள் அலுவலகத்தில்தான் பார்த்தோம். மற்றவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஒப்புநோக்காளத் தம்பி எழுந்துபோய்த் தொலைக்காட்சியை நிறுத்தினான். "எங்களைப் போல ஆக்களுக்கு இதுதான் அண்ணை" என்றான். அவன் மல்யுத்தத்தை மட்டுமா சொன்னான் என்று நான் கேட்கவில்லை. அக்காலத்தில் கொழும்பில் எவரும் எவரையும் அப்படிக் கேட்பதில்லை.

செப்டெம்பரில், அவரது பாதுகாப்பைக் காரணம் காட்டி, ஹோர்ன்ஸ்வொகிளிடமிருந்து பட்டம் பறிக்கப்பட்டது. கதையின்படி நிகழ்ச்சியின் முகாமையாளராக நின்று அதைப் பறித்தவர் விக்கி கெரேரோ, எடியின் விதவை. லாஸ் வேகாஸில் எடி தூக்கிப் பிடித்த பட்டத்தின் கடைசி வசனத்தை அவரது மனைவியின் வாயில் வைத்தவர்கள், அதில் ஏதும் உறுத்தல் இருப்பதாக நினைத்தார்களோ தெரியாது. அடுத்த மார்ச்சில் பட்டம் முறைப்படி கைவிடப்பட்டது.

2016இல் அதே பெயரில் வேறொரு பட்டத்தைத் தொடக்கினார்கள். எல்லை 205 இறாத்தல். முப்பத்திரண்டு பேர் பங்குபற்றிய தொடக்கச் சுற்று உண்மையிலேயே சிறப்பாக இருந்தது. அதன் பின் பழைய கதைதான். பெரிய நிகழ்ச்சியில் இவர்களின் முறை வரும்போது மேடைக் கயிற்றை ஊதா நிறமாக மாற்றினார்கள், இவர்கள் வேறு சாதி என்று பலகை தொங்கவிடுவது போல. தனி நிகழ்ச்சி கொடுத்தார்கள்; பிரதான நிகழ்ச்சி முடிந்து சனம் எழும்பிப் போய்க்கொண்டிருக்கும் வேளையில். 2022 ஜனவரி 4ஆம் திகதி கார்மெலோ ஹேய்ஸ், ரொட்றிக் ஸ்ட்ரோங்கை வென்றதும் அதையும் வேறொரு பட்டத்துக்குள் கரைத்துவிட்டார்கள்.

இன்று உயரம் குறைந்தவர்களும் தலைமைப் பட்டம் பெறுகிறார்களே, இனித் தனிப் பட்டம் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேள்வி நியாயமானது. தனிக் கதிரை என்பது சில வேளைகளில் தனி வேலியும்தான். எடியும் ஜெரிக்கோவும் அந்த வேலியைப் பாய்ந்த பின்தான் உயர்ந்தார்கள். ஆனால் அந்த வேலிக்குள்தான் அவர்கள் தங்கள் கலையைக் கட்டினார்கள் என்பதும் உண்மை. பதினான்கு நிமிடம் அவர்களுக்கென்று ஒதுக்கப்பட்டிராவிட்டால் அந்த லாஸ் வேகாஸ் ஆட்டம் எங்கே நடந்திருக்கும்? எல்லாப் பக்கத்திலும் கலை வரட்டும், தனிப்பக்கம் எதற்கு என்று எனக்குச் சொன்ன ஆசிரியர் ஒருவரும் இருந்தார். தனிப்பக்கம் போனது. எல்லாப் பக்கத்திலும் கலை வரவில்லை.

அந்த ஒப்புநோக்காளத் தம்பி இப்போது ஐரோப்பாவில் இருக்கிறான். 2023 மார்ச் 31ஆம் திகதி மிஸ்டேரியோவை நிறுவனத்தின் புகழ் மண்டபத்தில் சேர்த்துக் கௌரவித்தார்கள். மறுநாட் காலை தொலைபேசி எடுத்தான். "அண்ணை, பாத்தியளோ? முகமூடியோடதான் வந்தவர்" என்றான். பார்த்தேன் என்றேன். அவனுக்கு அன்றும் வேலை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டான்.